கிழமைக்கு ஒண்டு

சாய்ந்தமருது கடற்கரைப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும், ஸம்றாவின் ஓதலுக்கு நிகரில்லை என்பார்கள். கேட்காவிட்டாலும் ஸம்றாவே சொல்லிவிடுவாள். ‘ஐன்’ என்ற எழுத்தை அவள் தொண்டையடியிலிருந்து எடுத்து வைத்தால் வைத்ததுதான். அசர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய வீட்டு விறாந்தையில் முப்பது பிள்ளைகள் அரபு எழுத்துக் கூட்டி ஓதப் பழகின. ஒரு பிள்ளை நீட்ட வேண்டிய இடத்தில் குறுக்கினால், குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருக்கும் ஸம்றா அங்கிருந்தே சத்தம் போடுவாள். ஹரகத்து எனும் உயிர்க்குறி போடாத வெறும் எழுத்தைக்கூடத் தடக்குப்படாமல் வாசிப்பாள். வாசித்ததற்கு என்ன கருத்து என்று மட்டும் கேட்கக் கூடாது. ஊரில் யாரும் கேட்பதுமில்லை. ஓதத்தானே படித்தோம், அரபியோடு கதைக்கவா படித்தோம்?

கருத்துப் பேச்சை எடுத்தவள் ஒருத்திதான். சித்தி லைலா என்று பெயர். சவூதியில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்து, கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரி வார்ட்டில் சிற்றூழியராக இருப்பவள். போன வருடம், ஐம்பது வயதில், புதுக் கொப்பி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸம்றாவின் விறாந்தைக்கு வந்தாள்.

"முஅல்லிமா, எனக்கும் அலிஃப், பே சொல்லித் தாங்க. வாயால அரபு கதைப்பன், எழுத்து ஒண்டும் தெரியா. நீங்க எனக்கு எழுத்தச் சொல்லுங்க, நான் ஒங்களுக்குக் கருத்தச் சொல்றன்."

"ஒங்கட அரபு குசினி அரபு, ராத்தா," என்றாள் ஸம்றா. "அது சட்டி கழுவத்தான் சரி. ஓதலுக்கு ஆகா."

முப்பது பிள்ளைகளும் சிரித்தன. லைலாவும் சிரித்தாள். கொப்பியைத் திரும்பக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஸம்றா அதை அன்றே மறந்தும் போனாள். வாய்க்கொழுப்பு உள்ளவர்களுக்கு ஞாபகசக்தி கொஞ்சம் குறைவுதான்.

அவளுடைய தங்கை சஹ்லா. உம்மா மௌத்தான பிறகு சஹ்லாவை வளர்த்துக் கலியாணம் முடித்துக் கொடுத்தது ஸம்றாதான். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. சஹ்லாவின் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. அந்தச் சின்ன மையித்தைக் கையில் வாங்கியவளும் ஸம்றாதான். இரண்டு வருடம் கழித்துச் சஹ்லா மறுபடியும் உண்டானபோது, "இந்தப் புள்ளைய நான் உசிரோட கையில வாங்காம விடமாட்டன்" என்று ஸம்றா நிய்யத்து வைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை.

ஐந்தாம் மாதத்தில் இரத்தம் பார்த்ததில் சஹ்லாவுக்கு விட்டமின் டி குறைவு என்றார்கள். கிளினிக்கில் சின்னக் குளிசை கொடுத்தார்கள். சஹ்லாவின் புருஷன் பர்ஸானுக்கு அது பிடிக்கவில்லை. அவன் சவூதிக்கு லொறி ஓட்டப் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "நம்மட ஊர்க் குளிசை என்னத்துக்குக் காணும்?" என்று, அங்கே மருந்துக்கடைக்கு ஆள் விட்டு வாங்கி, ஊருக்கு வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினான். வெள்ளைப் போத்தல். உள்ளே பளபளவென்று பச்சைக் குளிசைகள். மேலே மருந்துக்கடைக்காரன் பேனையால் எழுதி ஒட்டிய மூன்று வரி. வேறு ஒரு மொழியில் ஓர் எழுத்துக் கிடையாது.

"எல்லாம் அரபுலதான் எழுதியிரிக்காம், மச்சி," என்றான் பர்ஸான் போனில் ஸம்றாவிடம். "நீங்க இரிக்கக்குள்ள எனக்கென்ன கவல?"

ஸம்றா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். முதல் வரி, "ஃபீதாமீன் தால்."

"தால் எண்டா பருப்பா, ராத்தா?" என்று சஹ்லா சிரித்தாள்.

"தால் எண்டா எழுத்துடி. பேசாம இரி."

இரண்டாம் வரி, "கம்ஸூன அல்ஃப்." அது கொம்பனியின் பெயராக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள். மூன்றாம் வரி, "ஹப்பா வாஹிதா, யவ்முன் வாஹித், ஃபில் உஸ்பூஃ." வாஹித் என்றால் ஒன்று, யவ்ம் என்றால் நாள். ஓதிய எவருக்கும் அது தெரியும். ஒரு குளிசை, ஒரு நாள். போதாதா? கடைசிச் சொல்லையும் அவள் விடவில்லை. அதிலிருந்த ஐன் கிணற்றடிவரை கேட்டது. கருத்துத்தான் தெரியவில்லை. ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்பதாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்தாள். ஸம்றா தீர்மானித்தால் பிறகு அப்பீல் கிடையாது.

"ஒரு நாளைக்கு ஒண்டு. சோத்துக்குப் பொறகு," என்றாள்.

அன்றிலிருந்து பகல் சோறு முடிந்ததும் பச்சைக் குளிசையைத் தன் கையாலேயே தங்கையின் வாயில் போட்டாள். கிளினிக்கில் தந்த கல்சியம் குளிசையும் கூடவே போனது. மாதாமாதம் வீடு தேடி வரும் குடும்பநல மாது நுஸ்ரத், "வேற ஏதும் மருந்து குடிக்கிறீங்களா?" என்று கேட்டபோது, "மருந்தெல்லாம் இல்ல, மிஸ்" என்று ஸம்றா சொன்னாள். அவள் மனமறியப் பொய் சொல்லவில்லை. சவூதிச் சாமானை அவள் மருந்தென்று நினைக்கவேயில்லை, அது சத்து.

எட்டாம் மாதம் சஹ்லாவுக்குத் தாகம் பிடித்தது. சும்மா தாகமா அது? குடம் குடமாகக் குடித்தாள், குடித்ததெல்லாம் உடனே ஒன்றுக்குப் போனது. வயிறு இறுகிவிட்டது. தின்றது தங்கவில்லை. பிறகு பகலெல்லாம் தூக்கம். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாள். சீனி வருத்தம் என்று பக்கத்து வீட்டார் முடிவுகட்டினார்கள். நுஸ்ரத் வந்து சோதித்தாள், சீனி இல்லை. சஹ்லாவின் கண்ணைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள்.

"இது சும்மா களைப்பில்ல, ராத்தா. றஊப் காக்காவ ஓட்டோவ எடுக்கச் சொல்லுங்க. இப்பவே."

றஊப் ஸம்றாவின் புருஷன். அதிகம் கதைக்காத மனிதன், அந்த வீட்டில் கதைக்க இடம் கிடைத்ததுமில்லை. கல்முனை ஆஸ்பத்திரி வாசல்வரை ஹோர்னில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

பிரசவ டொக்டர் நதீரா இரத்தம் எடுத்து அனுப்பினார். பின்னேரம் முடிவு வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஸம்றாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இரத்தத்துல கல்சியம் பத்து மட்டுல இரிக்கணும். இவக்குப் பதிமூண்டரை. இது உம்மாக்கும் கூடா, புள்ளைக்கும் கூடா. கழுத்துக்குள்ள ஒரு சுரப்பியில கட்டி வந்தாலும் இப்பிடி ஏறும். அப்பிடியெண்டா கொழும்புக்கு அனுப்பணும். சில வேள கழுத்துல ஒப்பரேசன் செய்ய வேண்டி வரும்."

வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு கழுத்தில் ஒப்பரேசன். ஸம்றா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு முந்தி ஒரு கேள்வி. வேற ஏதும் குடுத்தீங்களா? நாட்டு மருந்து, சத்துக் குளிசை, வெளிநாட்டுச் சாமான், என்னெண்டாலும் சொல்லுங்க."

சத்துக் குளிசை. அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது. அரை மணித்தியாலத்தில் றஊப் போத்தலோடு வந்து நின்றார்.

டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாதி ஒருத்தி கைத்தொலைபேசியை எடுத்து, எழுத்தைப் படம் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தாள். கிறுக்கல் கையெழுத்து, அதில் ஸம்றாவின் எண்ணெய்க் கை வேறு பட்டிருந்தது. ‘ஹப்பா வாஹிதா’வை ‘ஒரு காதல்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன் மௌனமாகிவிட்டது.

"இத ஆராச்சும் வாசிப்பீங்களா?"

"நான் வாசிப்பன்," என்றாள் ஸம்றா. அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, பாவம். வார்ட் முழுதும் கேட்க வாசித்தாள். கடைசி ஐன் தொண்டையடியிலிருந்து சுத்தமாக வந்து விழுந்தது.

வார்ட்டின் மறுமுனையில் நிலம் துடைத்துக்கொண்டிருந்த தடி நின்றது. சித்தி லைலா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க? கடைசிச் சொல்ல இன்னொருக்காச் சொல்லுங்க."

"உஸ்பூஃ."

"அல்லாஹ்வே! உஸ்பூஃ எண்டா கிழமைகா, ஏழு நாள்!" லைலா தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "கிழமைக்கு ஒரு நாள், ஒரு குளிசை! நான் வேல செஞ்ச வீட்டுக் கெழவிக்கு வெள்ளிக்கு வெள்ளி நான்தான் எடுத்துக் குடுப்பன். இதே பச்சக் குளிசை!"

"மத்த வரி?" என்றார் டொக்டர்.

"கம்ஸூன அல்ஃப்," என்று ஸம்றா வாசித்தாள். இப்போது வார்ட் முழுதும் கேட்கவில்லை.

"அம்பதினாயிரம்," என்றாள் லைலா.

டொக்டர் நதீரா கண்ணை மூடித் திறந்தார். "கிழமைக்கு ஒண்டு குடிக்கிற அம்பதினாயிரம் யூனிட். எத்தின நாளாக் குடுத்தீங்க? நாளுக்கு எத்தின?"

கட்டிலிலிருந்து சஹ்லாவின் குரல் வந்தது, தூக்கம் தோய்ந்த குரல். "நான்தான், டொக்டர். நான்தான் பிழையா விளங்கி..."

பச்சைப் பொய். ராத்தாவின் பெயரைக் காப்பாற்ற அந்த நிலையிலும் பிள்ளை பொய் சொல்கிறாள். ஸம்றா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஊரில் அவளுடைய ஓதலுக்கு ஒரு கீறல் விழாது. ஆனால் அவள் வாயை மூடியா பழகியவள்?

"இல்ல, டொக்டர். வாசிச்சது நான். ஒரு நாளைக்கு ஒண்டு எண்டு சொன்னது நான். எழுவது நாளும் என்ட கையாலதான் குடுத்த. எழுதிக்கொள்ளுங்க," என்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அதே சத்தத்தில் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டொக்டர் திட்டவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவளை இருத்தினார்.

"அழாம கேளுங்க. விட்டமின் டி கெட்ட சாமானில்ல. கொறஞ்சாலும் புள்ளைக்குக் கேடு, அதுக்குத்தான் நாங்க அளவாத் தந்த. அளவு கடந்தா உம்மாட இரத்தத்துல கல்சியம் ஏறும். கொடி வழியா அது புள்ளைக்கும் பாயும். புள்ளைட கழுத்துலயும் நாலு சின்னச் சுரப்பி இரிக்கி, அரிசி மணியளவுதான். கல்சியத்தப் பாத்துக்கொள்றது அதுட வேல. இப்ப யோசிங்க: வாய்க்கால்ல தண்ணி நெரம்பிப் பாஞ்சா, வயல்காரன் தண்ணி மெசின் போடுவானா?"

"போடமாட்டான்," என்றார் றஊப். அவர் நாலு ஏக்கர் வயல் செய்தவர்.

"மெசின்காரன் படுத்து நித்திரை. அதுதான் இப்ப புள்ளைக்குள்ள நடக்குது. புள்ள பொறந்து கொடிய வெட்டின ஒடன வாய்க்கால் அடைபட்டிரும். மெசின்காரன் எழும்ப நாள் எடுக்கும். அதுக்குள்ள புள்ளைட கல்சியம் கீழ விழுந்து வலிப்பு வரும். காரணம் தெரியாட்டி, நாங்க நல்ல புள்ளயெண்டு ரெண்டாம் நாள் வீட்ட அனுப்பியிருப்பம்." போத்தலை மேசையில் வைத்தார். "இப்ப தெரியும். தெரிஞ்ச எதிரிய வெல்லலாம். நாலு கிழம தாங்க."

போர் தொடங்கியது. போர் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேனாதிபதி ஸம்றா. சஹ்லாவின் கையில் சேலைன் இறங்கியது. பச்சைக் குளிசை நின்றது, கல்சியம் குளிசை நின்றது. பால், தயிர், நெத்தலி, முருங்கை இலை ஒன்றும் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். குடித்து முடித்த மருந்து உடம்புக் கொழுப்பில் தங்கியிருந்து மெல்ல மெல்லத்தான் கழியுமாம். ஸம்றா வார்ட் வாசலில் காவல் நின்றாள். பசும்பால் போத்தலோடு வந்த சாச்சி ஒருத்தியைப் படியிலேயே மறித்தாள்.

"வயித்துப் புள்ளக்காரிக்குப் பால் குடுக்காம வதைக்கிறியே, நீ மனிசியா?"

"ஓம் சாச்சி, நான் மனிசியில்ல. பால நீங்களே குடிச்சிட்டுப் போங்க."

பார்க்க வருகிறவர்கள் காதைக் கடிக்கும் முன்னமே, "நான் பிழையா வாசிச்சன், அதாலதான்" என்று அவளே சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தச் சொல்லின் பாரம் குறைந்தது. இரத்த முடிவும் இறங்கியது: பன்னிரண்டரை, பன்னிரண்டு, பதினொன்றரை. சஹ்லா எழும்பி உட்கார்ந்து, "ராத்தா, பசிக்குது" என்ற அன்று, ஸம்றா வார்ட்டிலேயே நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தாள்.

அன்றைக்கே லைலாவைத் தேடிப் போனாள். அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"லைலா ராத்தா, அண்டைக்குப் புள்ளைகளுக்கு முன்னால ஒங்கள ஒரு சொல்லுச் சொன்னன். மாப்புத் தாங்க."

"குசினி அரபு எண்ட சொல்லா?" லைலா சிரித்தாள். "அந்த வீட்டுல மருந்துப் பெட்டியும் குசினியிலதான் இரிந்த, முஅல்லிமா. மாப்பு எப்பவோ தந்திட்டன். கொப்பிதான் இன்னும் வெறுமையாக் கெடக்கு."

"நாளைக்குக் கொண்டாங்க," என்றாள் ஸம்றா.

முப்பத்தெட்டாம் கிழமை, சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில், பிள்ளை பிறந்தான். ஆண். இரண்டு கிலோ எண்ணூறு. பிறந்த உடனேயே போட்ட கூச்சலைக் கேட்டு, "இவன் பெரியம்மாட ஆள்தான்" என்றாள், அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த நுஸ்ரத். றஊப் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். ஸம்றா இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். உயிரோடு, சூடாக, கோபமாக இருந்தது அந்த உடம்பு. நிய்யத்தில் பாதி நிறைவேறிவிட்டது, மறுபாதி, அந்த உயிரைக் காப்பது, இனித்தான்.

பிள்ளை வைத்தியர் தனஞ்சயன் எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார். சின்னக் கையில் ஊசி ஏற்றியாயிற்று. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் குதிக்காலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம். முதல் நாள் கல்சியம் ஒன்பதரை. இரவுக்குள் எட்டரை. டொக்டர் சொன்னபடியே வாய்க்கால் அடைபட்டுவிட்டது, மெசின்காரனோ நல்ல நித்திரை.

அடுத்த நாள் பகல், லுஹர் தொழுகைக்கு முன்னம், ஸம்றா பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பாதம் நடுங்கியது.

"குளிருக்கு நடுங்குது, போர்த்து விடுங்க," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

ஸம்றா போர்க்கவில்லை. தனஞ்சயன் டொக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்: பாதத்தைப் பிடித்துப் பாருங்கள், பிடித்தால் நின்றால் பயமில்லை. பிடித்தாள். அவளுடைய உள்ளங்கைக்குள்ளேயே அது துடித்தது.

"மிஸ்!"

ஒரு பிள்ளை பிழையாக ஓதினால் குசினியிலிருந்து போடுகிற அதே சத்தம். மூன்று தாதிமார் ஓடி வந்தார்கள். தனஞ்சயன் பாதிச் சாப்பாட்டில் எழும்பி வந்தார். இரத்தத்தில் கல்சியம் ஆறரைக்கு விழுந்திருந்தது. கல்சியம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். டொக்டரின் கண் இதயத்துடிப்புத் திரையைவிட்டு அகலவில்லை. ஸம்றாவின் கை பாதத்தை விடவில்லை. வாய் ஓதிக்கொண்டே இருந்தது. நடுக்கம் மெதுவானது. பிறகு நின்றது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிப்போனான், இத்தனை பேரை ஓடவிட்ட வெட்கம் ஒரு துளியும் இல்லாமல்.

"வீட்டுல இரிந்தா இது பெரிய வலிப்பாப் போயிரிக்கும்," என்றார் தனஞ்சயன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "காரணம் தேடவே எங்களுக்கு ஒரு நாள் போயிரிக்கும். நேரத்தோட கண்டீங்க, அம்மா."

ஐந்தாம் நாள் மருந்தைக் குறைத்தார்கள். கல்சியம் எட்டில் நின்றது. ஆறாம் நாள் முழுக்க நிற்பாட்டினார்கள். அன்று முழுதும் ஸம்றா பிள்ளையின் பாதங்களையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஏழாம் நாள் காலையில் தனஞ்சயன் முடிவுக் கடதாசியைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டே வார்ட்டுக்குள் வந்தார். நதீரா டொக்டரும் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஒம்பதே முக்கால்! சொந்தக் காலுல! மெசின்காரன் எழும்பிட்டான்!"

வார்ட்டே ஆரவாரித்தது. சஹ்லா அழுதாள், போனுக்குள்ளே பர்ஸான் அழுதான், றஊப் யாருக்கும் தெரியாமல் யன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதார். ஸம்றா மட்டும் அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், "அல்ஹம்துலில்லாஹ், பாருங்க, பாருங்க" என்று காட்டினாள்.

அந்த நேரம் லைலா வந்தாள், கக்கத்தில் கொப்பியோடு. ஒரு மாதத்தில் அது பாதி நிரம்பியிருந்தது.

"சந்தோஷம் கெடக்கட்டும். என்ட பாடம் என்னாச்சு, முஅல்லிமா?"

ஸம்றா பிள்ளையை இடத்தோளில் சாய்த்துக்கொண்டு, வலக்கையால் கொப்பியை வாங்கி ஒரு சொல் எழுதினாள். ஹரகத்து ஒன்றும் போடவில்லை. லைலா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"அலிஃப்... ஸீன்... பே... வாவ்..." கடைசி எழுத்தில் மூச்சைப் பிடித்தாள். "ஐன். உஸ்... உஸ்பூஃ! அல்லாஹ்வே, நான் வாசிச்சிட்டன்! உஸ்பூஃ!"

தாதிமார் கைதட்டினார்கள். லைலா கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குறும்பாகப் பார்த்தாள்.

"எழுத்து நான் சொல்லிட்டன். இப்ப கருத்த நீங்க சொல்லுங்க."

ஸம்றா பிள்ளையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"கிழமை," என்றாள், வார்ட் முழுதும் கேட்க. "என்ட மகனுக்கு இண்டைக்கு ஒரு கிழமை!"